சரியான தொகையை உள்ளிடவும்

ஹெல்மெட்டைக் கழற்றுவதா வேண்டாமா என்று தெரியாமல் தெய்வசிகாமணி ரேஷன் கடை வரிசையில் ஹெல்மெட்டோடேயே நின்றுகொண்டிருந்தார். மார்கழிக் குளிர் இன்னும் விட்டபாடில்லை, ஆனாலும் உள்ளே தலை வேர்த்தது. கழற்றினால் முகம் தெரியும். தெரிந்தால் தெரியட்டுமே, பொங்கல் பரிசு வாங்க வந்திருப்பது திருட்டுக் காரியமா என்ன, கார்டு இருக்கிறது, வீடு தேடி வந்து கொடுத்த டோக்கன் சட்டைப் பையில் இருக்கிறது என்று ஒரு மனசு சொன்னது. இன்னொரு மனசு, எதிர் பிளாட் புரொபசர் நடைப்பயிற்சி முடித்து இந்தப் பக்கமாகத்தான் திரும்புவார் என்றது. புரொபசர் பார்த்தால் என்ன சொல்வார், ஒன்றும் சொல்லமாட்டார், 'அட, நீங்களா' என்பார், அந்த 'நீங்களா'வைத்தான் தெய்வசிகாமணியால் தாங்க முடியாது. கையில் வசந்தாமணி கொடுத்தனுப்பிய பை. வீட்டில் பைகளுக்கென்றே ஒரு பை உண்டு, கதவுக்குப் பின்னால் தொங்கும், அதிலிருந்து அவள் தேடி எடுத்ததில் இதுதான் உறுதியானது, ஆனால் நகைக்கடைப் பை. நகைக்கடைப் பையைத் தூக்கிக்கொண்டு இலவச அரிசிக்கு நிற்கிறான் பார் என்று யாராவது நினைத்துவிட்டால்? வண்டியை வேப்பமரத்தடியில் நிறுத்தும்போதே பையை உட்புறம் வெளியே வருமாறு திருப்பிவிட்டார். திருப்பிய பிறகு நூலும் பிசிறுமாக அது இன்னும் கண்ணில் அடித்தது. ஐம்பத்திரண்டு வயதில் ஒரு மனிதன் இப்படியெல்லாம் யோசிப்பானா என்றால், தெய்வசிகாமணி யோசிப்பார். சின்ன விஷயத்தைப் பெரிதாக்கிக்கொண்டு பெரிய விஷயத்தை அதற்குப் பின்னால் ஒளித்து வைப்பதில் அவர் கெட்டிக்காரர்.

பெரிய விஷயம் இதுதான். இந்த வரிசையில் இன்றைக்கு மயிலாத்தாவைப் பார்க்க வேண்டும், பார்த்து இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். மயிலாத்தா அவர்கள் வீட்டில் பாத்திரம் கழுவி வீடு கூட்டுகிறவள். யாழினி நாலாங்கிளாஸ் படிக்கும்போது வந்தாள், இப்போது யாழினி சென்னையில் விடுதியில் தங்கி என்ஜினியரிங் படிக்கிறாள். இத்தனை வருஷமும் இவர்கள் கார்டுக்கு வருகிற பொங்கல் அரிசியும் சர்க்கரையும் கரும்பும் மயிலாத்தாவுக்குத்தான். கார்டை அவள் கையில் கொடுத்துவிடுவார்கள், அவளே வாங்கிக்கொள்வாள். பிறகு மெஷின் வந்து, குடும்பத்தில் ஒருத்தர் நேரில் வந்து விரல் வைத்தால்தான் என்று ஆனபோது, தெய்வசிகாமணி ஆபீஸ் போகிற வழியில் வந்து பந்தாவாக விரலை வைத்துவிட்டு, 'எடுத்துக்கம்மா' என்று வண்டியைக் கிளப்பிக்கொண்டு போவார். அன்றைக்கெல்லாம் முகத்தை மறைக்கத் தோன்றியதே இல்லை. வரிசையில் இருப்பவர்கள் எல்லோருக்கும் தெரியும், இந்த ஆள் வாங்க வரவில்லை, கொடுக்க வந்திருக்கிறார் என்று. பொங்கலுக்கு முந்தின நாள் மயிலாத்தா அந்தக் கரும்பில் அடிக்கரும்பாக ஒரு துண்டு ஒடித்து, கழுவி, அடுப்படி மேடையில் வைத்துவிட்டு, 'சாமிக்கு வெச்சுருங்க்கா' என்று வசந்தாமணியிடம் சொல்லிவிட்டுப் போவாள். இவர்கள் மார்க்கெட்டில் ஜோடிக் கரும்பு தோகையோடு வாங்கி வாசலில் கட்டியிருந்தாலும் சாமிக்குப் படைப்பது அந்தத் துண்டுதான். அது அப்படியே பழக்கமாகிவிட்டது. இந்த வருஷம் வசந்தாமணி காப்பி ஆற்றிக்கொண்டே சொன்னாள்: "அரிசியும் கரும்பும் நாமளே வெச்சுக்கலாங்க. தனியா வாங்க வேண்டாம்." கொஞ்சம் பொறுத்து, "தையிலிருந்து பாத்திரத்த நானே கழுவிக்கறேன். நீங்களே அவகிட்டச் சொல்லிப்போடுங்க. எனக்கு வாயி வராது" என்றாள். சொல்லிவிட்டுக் காப்பியைக் குடிக்காமல் மறுபடியும் ஆற்றினாள். ஒரு கிலோ அரிசியில் என்ன நிறைந்துவிடப் போகிறது என்று அவர் கேட்கவில்லை. அவள் பேசியது அரிசியைப் பற்றி மட்டும் அல்ல என்று தெரியும்.

வேலை போனது ஐப்பசியில். தீபாவளிக்கு ஸ்வீட் பெட்டி கொடுத்தார்கள், போனஸ் கொடுத்தார்கள், லீவு முடிந்து போனதும் கூப்பிட்டு உட்கார வைத்து ரொம்ப மரியாதையாக அனுப்பிவிட்டார்கள். பம்ப் கம்பெனியில் பர்ச்சேஸ் மேனேஜர், இரும்பு வாங்குவதிலிருந்து போல்ட் வாங்குவது வரை அவர் கையெழுத்துத்தான். அந்த வேலையைச் செய்ய இப்போது ஏதோ சாப்ட்வேர் வந்துவிட்டது. முதலாளி மகன் தோளில் கை போட்டு வாசல் வரை வந்தான், நல்ல பையன்தான், கண் கலங்கினான்கூட. அந்தப் பையன்தான் ஒரு பட்ஜெட் நாளில் டிவி முன்னால் நின்றுகொண்டு, "நம்மளாட்ட மிடில் கிளாஸுக்கு ஒண்ணுமே செய்யலீங்களே" என்று நொந்துகொண்டான். வாசலில் அவனுக்கு மூன்று கார் நின்றது. தெய்வசிகாமணி 'ஆமாங் தம்பி' என்று தலையாட்டினார். அன்றைக்கு ராத்திரி படுக்கையில் வசந்தாமணியும் அவரும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். ஆனால் தெய்வசிகாமணியின் அப்பா, மில்லில் மூன்று ஷிப்ட் மாற்றி மாற்றிப் போனவர், சைக்கிளுக்கு டயர் மாற்ற அடுத்த சம்பளம் வரை காத்திருந்தவர், அவரும் அதையேதான் சொல்வார். 'நாம நடுத்தரம்டா. யாருகிட்டயும் கேக்கறதில்ல, கேட்டவங்களுக்கு இல்லேங்கறதில்ல.' கேட்டவர்களுக்கு அப்பா என்ன கொடுத்தார் என்று யோசித்துப் பார்த்தால் பெரும்பாலும் ஒரு டம்ளர் மோர். அப்பாவும் நடுத்தரம், முதலாளி மகனும் நடுத்தரம், இரண்டுக்கும் நடுவில் இந்த ஊரே நடுத்தரம் என்றால் ஓரத்தில் யார்தான் இருக்கிறார்கள்? வரிசை ஓரடி நகர்ந்தது. தெய்வசிகாமணியும் ஹெல்மெட்டும் நகர்ந்தார்கள்.

போன வருஷம் லீவுக்கு வந்த யாழினி இதற்கு ஒரு முடிவு கண்டுபிடித்துக்கொண்டு வந்தாள். எவ்வளவு வருமானம் இருந்தால் மிடில் கிளாஸ் என்று சொல்கிற ஓர் இணையப் பக்கம், அதைப் போனில் திறந்து அப்பா சம்பளத்தைப் போட்டாள், எத்தனை பேர் என்று போட்டாள், ஒரு சக்கரம் சுற்றியது, மூன்று பேரும் தலையை நீட்டிக் காத்திருந்தார்கள். மேல்தட்டு என்று வந்தது. வசந்தாமணிக்குக் கோபமே வந்துவிட்டது. "கிரைண்டருக்குக் கல்லு கொத்தறதா புதுசு வாங்கறதான்னு மூணு மாசமா முடியாம கெடக்கறோம், மேல்தட்டாமா" என்று அந்தப் போனைத் திட்டினாள். யாழினி விழுந்து விழுந்து சிரித்தாள். சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்துதான் இதெல்லாம் நடந்தது. சாப்பாட்டு மேசை என்று பெயர், அதன்மேல் துவைத்த துணி மடித்துக் கிடக்கும், சாப்பிடுவது தரையில் டிவிக்கு எதிரே. ஏசி உண்டு, ஆனால் சித்திரையில் ஒரு மாசம், அதுவும் மூன்று பேரும் ஒரே அறையில் படுத்தால்தான். வேலைக்கு ஆள் உண்டு, ஆனால் அவள் வருவதற்குள் வசந்தாமணி பாத்திரங்களை ஒருதரம் அலசி வைத்துவிடுவாள், 'இப்படியா அழுக்குப் பண்றாங்கன்னு மயிலாத்தா நெனச்சுக்கப் போறா.' இந்த மாதிரி ஜனங்களை எந்தத் தொகைக்குள் அடக்குவது? வேலை போன மறுவாரம், வசந்தாமணி கோயிலுக்குப் போயிருந்தபோது, அவர் தனியாக அந்தப் பக்கத்தைத் தேடித் திறந்தார். மாத வருமானம் என்ற கட்டத்தில் ஒரு பூஜ்யம் போட்டார். சக்கரம் சுற்றவே இல்லை. சரியான தொகையை உள்ளிடவும் என்று சிவப்பில் வந்தது. அவர் இன்னொரு தரம் போட்டுப் பார்த்தார், ஏதோ இரண்டாம் தரம் கேட்டால் இரக்கப்படும் என்கிற மாதிரி. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். இதை வசந்தாமணியிடம் சொல்லவில்லை. சொன்னால் அவள் சிரிப்பாளா அழுவாளா என்று நிச்சயமாகத் தெரியவில்லை, அவளைப் பற்றி அவருக்கு நிச்சயமாகத் தெரியாத விஷயம் இத்தனை வருஷத்தில் அது ஒன்றுதான்.

"ஏனுங் சார், வண்டி ஓட்டறீங்ளா நிக்கறீங்ளா?"

பக்கத்துப் பெண்கள் வரிசையில் மயிலாத்தா. மஞ்சள் புடவை, குளித்து ஈரம் காயாத முடி, கையில் இரண்டு பை. அவர் அவசரமாக ஹெல்மெட்டைக் கழற்றினார், கழற்றும்போது கண்ணாடி அதோடு சேர்ந்து வந்து கீழே விழப் பார்த்தது. "மறந்துட்டனம்மா" என்றார். "குளுருக்கு நல்லதுதானுங்" என்று அவள் முகத்தில் ஒரு மாறுதலும் இல்லாமல் சொன்னாள். வரிசையில் நாலு பேர் சிரித்தார்கள். இரண்டு பை. ஒன்று அவள் கார்டுக்கு, ஒன்று இவர் கார்டுக்கு, வருஷா வருஷம் கொண்டு வருகிற மாதிரி. இரண்டாவது பை நன்றாகத் துவைத்து மடித்திருந்தது. அதைப் பார்த்ததும் தெய்வசிகாமணி தன் பையை முதுகுக்குப் பின்னால் கொண்டு போனார். இப்போதே சொல்லிவிடலாமா, இத்தனை பேர் நடுவிலா, வெளியே வந்ததும் சொல்லலாம், கையில் பொருள் வாங்கிய பிறகு சொன்னால் பிடுங்கிக்கொள்கிற மாதிரி ஆகாதா, அப்படியானால் இப்போதே, ஆனால் முன்னால் நிற்கிற ஆள் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறான். மயிலாத்தா பின்னால் இருந்த ஒரு கர்ப்பிணிப் பெண்ணை முன்னால் விட்டாள், அவளுக்குப் பின்னால் இருந்தவளையும் விட்டாள். பெண்கள் வரிசை வேகமாக நகர்கிறது, சாருக்குத் துணையாக நிற்பதற்காகத் தன் இடத்தை விடுகிறாள் என்று அவருக்கு உடனே புரிந்தது. புரிந்ததும் இன்னும் சங்கடமாகப் போய்விட்டது.

இவள் எப்போதும் இப்படித்தான். இந்த இரண்டு மாசமாக நடப்பதை நினைத்தால் அவருக்குக் காதெல்லாம் சூடாகிறது. சாருக்கு இனிமே வீட்டிலிருந்தே வேலை என்று வசந்தாமணி அவளிடம் சொல்லி வைத்திருந்தாள். காலையில் மயிலாத்தா வரும் நேரத்துக்குத் தெய்வசிகாமணி சட்டையை மாற்றிக்கொண்டு உள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். கம்பெனி லேப்டாப்பைத் திருப்பி வாங்கிவிட்டார்கள். யாழினி பத்தாவதில் வைத்திருந்த பழையது ஒன்று, பேட்டரி செத்து, திறந்தால் கறுப்பாக இருக்கும், அதை முன்னால் வைத்துக்கொண்டு தட்டுவார். வெளியே கேட்கவேண்டுமே. முதல் நாள் அவர் தட்ட ஆரம்பித்ததும் வெளியே பாத்திரச் சத்தம் நின்றுவிட்டது. என்ன இது என்று கதவில் காதை வைத்தார். மயிலாத்தா வசந்தாமணியிடம் கிசுகிசுப்பாகக் கேட்டது கேட்டது: "சாரு வேல பாக்கறாருங்களா? சத்தம் போடாமக் கழுவறேனுங்." அதுவரை அந்த வீட்டில் காலை என்றால் அவள் பாத்திரம் உருட்டுகிற சத்தம்தான், குக்கரை அவள் தொட்டிக்குள் போடுகிற சத்தத்தில்தான் யாழினி பள்ளிக்கூடத்துக்கு எழுந்திருப்பாள். அன்றிலிருந்து ஒரு டம்ளர் இடிபடுகிற சத்தம்கூட இல்லை. தொட்டிக்குள் ஒரு துணியை விரித்துப் போட்டு அதன்மேல் ஒவ்வொன்றாக வைத்துக் கழுவினாளாம், வசந்தாமணி வந்து சொன்னாள், சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்கவில்லை. மயிலாத்தா வாளியை இழுக்காமல் தூக்கிக்கொண்டு போனாள், விளக்குமாற்றைச் சுவரில் தட்டவில்லை. உள்ளே தெய்வசிகாமணி, கறுப்புத் திரையைப் பார்த்தபடி, எழுத்துகளே இல்லாத கடிதங்களை ஒன்றன்பின் ஒன்றாகத் தட்டிக்கொண்டிருந்தார். ஒரு நாள் தட்டாமல் சும்மா இருந்து பார்த்தார். வெளியே அப்போதும் சத்தமில்லை. அவர் யோசனையில் இருப்பார் என்று நினைத்தாளோ என்னவோ. அவமானம் என்றால் என்ன என்று அவர் அன்றைக்குத்தான் சரியாகத் தெரிந்துகொண்டார், ஆனால் அதில் ஏதோ ஒரு ஓரத்தில், யாரோ தன் வேலையை இவ்வளவு மதிக்கிறார்கள் என்கிற நிம்மதியும் இருந்தது. இருபத்து நாலு வருஷத்தில் கம்பெனியில் ஒருத்தன்கூட அவருக்காகக் குரலைத் தாழ்த்திப் பேசியதில்லை.

"சார், ஒண்ணு கேக்கோணுமுங்" என்றாள் மயிலாத்தா. வரிசை கடை நிழலுக்குள் வந்திருந்தது. உள்ளே கரும்புக் கட்டுகளின் வாசம், சாக்கு வாசம். அட்வான்ஸ் கேட்கப் போகிறாள், பொங்கலுக்கு எப்போதும் கேட்பாள், இல்லை சம்பளம் கூட்டிக் கேட்கப் போகிறாள். கேட்டுவிட்டால் அதைப் பிடித்துக்கொண்டே சொல்லிவிடலாம், 'நானே சொல்லணும்னு இருந்தேன்' என்று ஆரம்பிக்கலாம், ஆரம்பம் கிடைத்தால் போதும்.

"கேளும்மா."

"முப்பத்திரண்டாயிரம் சம்பளம்னா, அது மிடில் கிளாஸ்தானுங்ளே?"

தெய்வசிகாமணி அவளை வெறித்துப் பார்த்தார். எங்கிருந்து இந்தக் கேள்வி இவள் வாயில் வந்தது, அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தது இவளுக்கு எப்படித் தெரியும் என்று ஒரு கணம் புத்தி பேதலித்தது. அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். வெட்கப்படுகிறாள் என்று அவருக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது.

"என்ற பையன் லோகுவுக்கு வேல கெடச்சிருச்சுங் சார். டிப்ளமா முடிச்சான்ல. ஆர்டர் வந்திருச்சு, தை பொறந்ததும் சேரோணும். அவந்தான் சொல்றான், அம்மா, நாமளும் இனிமே மிடில் கிளாஸு, நீ ஊட்டு வேலைக்கெல்லாம் போவேண்டாம்னு. நானு, போடா, மிடில் கிளாஸ்னா சார் ஊட்டாட்ட இருக்கோணும், நமக்கெங்கன்னேன். இல்ல, முப்பத்திரண்டாயிரம்னா அதுதான்னு ஒத்தக் கால்ல நிக்கறான். சரி, சாரையே கேட்டுப்போடறேன்னு வந்தனுங்."

லோகு. சின்ன வயதில் மழை நாட்களில் அம்மாவோடு வந்து வராந்தாவில் உட்கார்ந்து யாழினியின் பழைய பாடப் புத்தகத்தைப் படித்த பையன், தட்டில் இட்லி வைத்தால் யார் பார்க்காவிட்டாலும் முதலில் கையைக் கழுவிக்கொண்டு வருவான். அவனுக்கு வேலை. தெய்வசிகாமணிக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான், அதில் சந்தேகமில்லை, நெஞ்சு நிறைந்து வந்தது, அதன் வாலைப் பிடித்துக்கொண்டே வேறொன்றும் வந்தது, அதற்குப் பெயர் வைக்க அவர் விரும்பவில்லை. நமக்கு எப்போது என்று கேட்டது அது. பதில் சொல்லவேண்டும், காத்திருக்கிறாள். எந்தத் தொகையிலிருந்து எந்தத் தொகை வரை? அப்பாவின் மோர் டம்ளரா, மூன்று காரா? சிவப்பு எழுத்து கண் முன்னால் வந்து போனது. அம்மாவைப் பார்த்து இனி நீ போகவேண்டாம் என்று ஒரு பையனால் சொல்ல முடிகிற தொகை. இதை ஏன் அந்தப் பக்கத்தில் யாரும் போடவில்லை.

"அதுதாம்மா மிடில் கிளாஸ்" என்றார். "அவன் சொல்றது சரி. சந்தேகமே வேண்டாம்."

அவள் முகத்தில் வந்ததைப் பார்த்து அவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். பின்னால் யாரோ 'நகருங்க நகருங்க' என்றார்கள். "ஆனா அக்காகிட்டச் சொல்றக்கு எனக்கு வாயி வல்லீங்" என்றாள் மயிலாத்தா. "ரெண்டு வாரமா சொல்லோணும் சொல்லோணும்னு வாரது, அக்கா காப்பியக் குடுக்கறது, நான் குடிச்சுப்போட்டுப் போறது. நீங்களே சொல்லிப்போடுங் சார்." இந்த வார்த்தையை, இதே வார்த்தையை, அவர் எங்கே கேட்டார்? காப்பி ஆற்றுகிற சத்தத்தோடு கேட்டார். ஒரே அடுப்படியில் இரண்டு பெண்கள் ஒருத்திக்கொருத்தி வாய் வராமல் ரெண்டு வாரமாகக் காப்பி குடித்திருக்கிறார்கள். அவருக்கு உடம்பே லேசாகிவிட்டது. சொல்லவேண்டாம். அவளே போகிறாள். மதிப்பு மரியாதை எல்லாம் அப்படியே இருக்க, கதவு தானாகத் திறந்து தானாக மூடிக்கொள்கிறது. 'அடடா, நீ இல்லாம அக்கா என்ன பண்ணுவா' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அதைச் சொல்லாமல் நிறுத்தியது என்ன என்று அவருக்குப் பிறகும் தெரியவில்லை, அவர் முறை வந்துவிட்டதுதான் காரணமாக இருக்கவேண்டும்.

மெஷினில் விரல் வைத்தார். ஏற்கவில்லை. கடைக்காரப் பெண் "துடைச்சுட்டு வைங்க சார்" என்றாள். துடைத்து வைத்தார். ஏற்கவில்லை. வேர்வை. பந்தாவாக வந்து வைத்த வருஷமெல்லாம் ஒரே தொடலில் எடுத்துக்கொண்ட மெஷின், இன்றைக்கு நீ யார் என்று கேட்கிறது. இதுவும் சரியான ஆளை உள்ளிடவும் என்று சொல்லப் போகிறதோ என்று தோன்றியது. "தலைல தேச்சுட்டு வைங் சார், எண்ணெ பட்டா எடுத்துக்கும்" என்றாள் பக்கத்து வரிசையிலிருந்து மயிலாத்தா, "எனக்கு மாசா மாசம் இந்தப் பாடுதானுங், பாத்திரச் சோப்புல ரேகையே போச்சு" என்று தன் கட்டைவிரலை முடியில் தேய்த்துக் காட்டினாள். தெய்வசிகாமணி கையைத் தலைக்குக் கொண்டு போனார். அங்கே முடி இருந்து வெகு காலம் ஆகிறது. வழுக்கையில் தேய்த்துப் பார்த்தார், அதுவும் வேர்த்திருந்தது. கடைசியில் பிடரியில் மிச்சமிருந்த கொஞ்சத்தில் தேய்த்து வைத்ததும் மெஷின் பீப் என்றது. கடையே சிரித்தது, கடைக்காரப் பெண் கணக்கை விட்டுவிட்டுச் சிரித்தாள், அவரும் சிரித்தார். ஐப்பசிக்குப் பிறகு வெளியாட்களோடு சிரிப்பது இதுதான் முதல் தடவை என்பது அரிசிப் பையை வாங்கும்போது நினைவு வந்தது.

வேப்பமரத்தடியில் வண்டிப் பக்கத்தில் வந்து நின்றார்கள். மயிலாத்தா தன் பொருளை முதல் பைக்குள் வைத்துக் கரும்பை மரத்தில் சாய்த்தாள். இரண்டாவது பையை உதறி, வாயை விரித்துப் பிடித்தாள். வருஷா வருஷம் அவர் 'எடுத்துக்கம்மா' என்கிற இடம் இது. அவர் கையில் அந்த உள்வெளிப் பை, அதற்குள் அரிசி, சர்க்கரை, அக்குளில் கரும்பு. இடி விழுந்தாலும் போட்டுவிடலாமா, ஒரு கிலோ அரிசிதானே, வசந்தாமணியிடம் ஏதாவது சொல்லிக்கொள்ளலாம், வழியில் ஒரு கரும்பு வாங்கிக்கொண்டு போகலாம். அவள் அதற்குள், "சார், நான் இல்லாட்டி அக்காவுக்குச் செரமமாப் போயிரும். என்ற நாத்தனா மவ ஒருத்தி இருக்கறா, சுத்தமாச் செய்வா. நாளைக்கே கூட்டியாறட்டுங்களா?" என்றாள். வாயை விரித்த பை அப்படியே இருந்தது. கதவு மூடிக்கொள்ளவில்லை. இன்றைக்கு ஒரு பொய், நாளைக்கு அந்தப் பெண்ணிடம் ஒரு பொய், அதற்கப்புறம் அவளும் தொட்டிக்குள் துணி விரித்துச் சத்தமில்லாமல் கழுவுவாள்.

"யாரும் வேண்டாம்மா" என்றார் தெய்வசிகாமணி. குரல் அவருக்கே வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. "எனக்கு வேலை போயிருச்சு. ஐப்பசிலயே. உள்ள உக்காந்து சும்மாதான் தட்டிட்டிருந்தேன். அந்த லேப்டாப்பு ஓடவே ஓடாது." அக்குளில் நழுவிய கரும்பை இறுக்கிக்கொண்டார். "இந்த வருஷம் இது எங்களுக்கு வேணும்."

சொல்லிவிட்டார். அப்பா அம்மாவுக்குச் சொல்லவில்லை, அவர்கள் இல்லை. யாழினிக்குச் சொல்லவில்லை. தம்பிக்குச் சொல்லவில்லை. வெளியில் முதன்முதலாக ஒரு ஆளிடம், வேப்பமரத்தடியில், கரும்பை அக்குளில் வைத்துக்கொண்டு சொல்லியாயிற்று. மயிலாத்தா ஐயோ என்றோ, கடவுளே என்றோ சொல்லியிருந்தால் அவர் அங்கேயே உடைந்து போயிருப்பார். விரித்த பையை அவள் மெதுவாக மூடினாள், நாலாக மடித்தாள், எட்டாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். அவர் கையிலிருந்த பையை வாங்கி, வண்டியின் கொக்கியில் மாட்டினாள், மாட்டுவதற்கு முன்னால் பையின் உட்புறம் வெளியே இருப்பதைப் பார்த்தாள். பிறகு கையை நீட்டினாள்.

"ஒரு துண்டு ஒடிச்சுக் குடுங் சார்."

"என்னது?"

"கரும்புல. வருஷா வருஷம் உங்க கரும்பத்தானுங் எங்க ஊட்டுச் சாமிக்கு வெச்சுப் பழக்கம். இந்த வருஷம் லோகு வேலைக்குப் போற வருஷம். உங்க கையால ஒரு துண்டு குடுங்."

மரத்தில் அவளுடைய கரும்பு முழுசாகச் சாய்ந்திருந்தது, இவருடையதைவிட ஒரு கணு நீளமாக. அதைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். முழங்காலில் வைத்து ஒடித்தார், ஒடியவில்லை. மார்க்கெட் கரும்பை எப்போதும் கடைக்காரனே வெட்டிக் கொடுத்துவிடுவான். மறுபடி வைத்தார், முழங்கால்தான் வலித்தது. கணுவுக்கு மேலே பிடிக்கவேண்டும் என்று அவள் சொல்லித் தரவில்லை, கையைக் கட்டிக்கொண்டு நிதானமாக நின்றாள், எவ்வளவு நேரமானாலும் பரவாயில்லை என்கிற மாதிரி. நாலாவது தடவை அது சடக்கென்று முறிந்தது. அடிக்கரும்பு. பெரிய துண்டாகவே முறிந்திருந்தது. அவர் இரண்டு கையாலும் கொடுத்தார், அவளும் புடவைத் தலைப்பை இழுத்து அதில் வாங்கிக்கொண்டாள். கண்ணை மறைக்க இப்போது ஹெல்மெட் போட்டுக்கொள்ளலாம் என்று தோன்றியது, ஆனால் அது வண்டிக் கண்ணாடியில் தொங்கிக்கொண்டிருந்தது, எடுக்கவேண்டும் என்று தோன்றவில்லை. தூரத்தில் புரொபசர் வருவது தெரிந்தது. வரட்டும்.

"மாசம் முடியற வரைக்கும் நான் வருவேனுங்" என்றாள் மயிலாத்தா, தன் கரும்பைத் தோளில் சாய்த்தபடி. "நாளைக்கு மேல அடுக்குல இருக்கற பெரிய பாத்திரமெல்லாம் எறக்கோணும், பொங்கப் பானை, அண்டா எல்லாம். அக்கா ஒருத்தியால ஆவாது." இரண்டடி போனவள் திரும்பினாள். "கழுவறப்ப சத்தம் வருமுங் சார். பரவால்லீங்ளா?"

"நல்லா வரட்டும்" என்றார் தெய்வசிகாமணி.